செல்ஃப் எடுக்காத பழைய கார்: வழியில் தொலையும் வோல்ட்டுகள்

ஒரு காரில் மிக அதிக மின்னோட்டம் பாயும் சுற்று, செல்ஃப் மோட்டாரின் சுற்றுதான். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து எட்டு ஆம்பியர் அளவில் எடுத்துக்கொள்ளும். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டாருக்கோ 100 முதல் 200 ஆம்பியர் வரை வேண்டும். நின்றிருக்கும் மோட்டார் அசையத் தொடங்கும் நொடியில் அது 300-ஐயும் தாண்டும். இத்தனையையும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றே கொடுத்தாக வேண்டும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் இரண்டு குறைந்தால் யாருக்கும் தெரியாது. காரின் 12 வோல்ட்டில் இரண்டு குறைந்தால் எஞ்சின் முக்கி முனகும்.

1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில்தான் மின் ஸ்டார்ட்டர் முதன்முதலாக வெற்றிகரமாக விற்பனைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அதே காலத்தில் தஞ்சாவூர் – புதுக்கோட்டை சாலையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் ஓட்டிய பேருந்துகளுக்கு முன்புறம் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். பின்னாளில் அவருடைய குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் கைகோத்து, சென்னை பாடியில் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் தயாரிக்கத் தொடங்கின. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசடர், 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவற்றுக்கு முந்தைய மோரிஸ் மைனர் ஆகிய எல்லாமே லூகாஸ் பாணி ஒயரிங் கொண்டவை. ஆகவே ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றிலும் பெரும்பாலும் கை ஓடும்.

சுற்றின் அமைப்பு எளிது. பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் ஒன்று சோலினாய்டுக்கும், அங்கிருந்து மோட்டாருக்கும் போகும். மோட்டாரின் இரும்புக் கூடே திரும்பும் வழி: அதிலிருந்து எஞ்சின் பிளாக், பிறகு பின்னல் பட்டையான எர்த் ஸ்ட்ராப், காரின் உடல், கடைசியில் பேட்டரியின் மறுமுனை. சாவி இந்தப் பெரும் ஓட்டத்தைத் தொடுவதே இல்லை. சில ஆம்பியர் மட்டும் எடுக்கும் சோலினாய்டுச் சுருளை அது இயக்க, சோலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தகடு பெரிய முனைகளை இணைக்கிறது. மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் சோலினாய்டுக்குப் பதில் டேஷ்போர்டில் ஓர் இழுப்புக் குமிழ் இருக்கும். கம்பி வழியாக அதுவே சுவிட்சை நேரடியாக இழுக்கும்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பலர் மோட்டாரைக் கழற்றுகிறார்கள், அல்லது புதுப் பேட்டரி வாங்குகிறார்கள். இரண்டுமே அவசரம். ஐம்பது, அறுபது வயதான காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இணைப்புகள். பேட்டரி முனையில் படியும் வெள்ளைப் பொடி, செம்புக் கம்பியில் ஏறும் பச்சைக் களிம்பு, கேபிள் நுனியின் லக்குக்கும் கேபிளுக்கும் இடையே விட்டுப்போன ஈயப்பற்று, எர்த் ஸ்ட்ராப்பின் அடியில் துரு என ஒவ்வொன்றும் சிறு மின்தடை. நூறில் ஒரு பங்கு ஓம் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் அதன் வழியே 150 ஆம்பியர் பாயும்போது 1.5 வோல்ட் அங்கேயே தொலைகிறது. 225 வாட் வெப்பமாகிறது. சில நொடிகள் செல்ஃப் அடித்துவிட்டு இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும் மெக்கானிக்குகளின் வழக்கத்துக்கு இதுவே அடிப்படை. சூடான இணைப்புதான் கெட்ட இணைப்பு.

டெஸ்ட் லைட் இங்கே ஏமாற்றிவிடும். முப்பது இழைகளில் ஒன்று மட்டுமே மிஞ்சிய கேபிளும் சிறு பல்பைப் பிரகாசமாக எரியவிடும்; மீட்டரில் 12 வோல்ட்டும் காட்டும். மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாதபோது வோல்ட் இறக்கமும் இருக்காது. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவியும் நூறில் ஒரு ஓமைப் பிரித்துக் காட்டாது. எனவே அளவு எடுக்க வேண்டியது செல்ஃப் சுழலும்போதுதான்.

அதற்கு முன் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்க வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிடலாம். கையில் மோதிரமோ உலோகக் கடிகாரமோ கூடாது. பேட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்பதால் பீடி, சிகரெட் அருகில் வரவே கூடாது.

ஆவூர் போன்ற சிற்றூரில் நின்றுவிட்ட காரைப் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ கட்டி இழுப்பதற்கு முன், கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முன்விளக்கைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். விளக்கு சற்றும் மங்காமல், மோட்டாரும் அசையாமல் இருந்தால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை: சாவி, சோலினாய்டு, மோட்டாரின் கார்பன் பிரஷ் என்ற வரிசையில் தேடலாம். விளக்கு முழுதாக அணைந்து, சாவியை விட்டதும் மீண்டும் எரிந்தால் பேட்டரி முனையின் பிடி தளர்ந்திருக்கும். நன்றாக மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம்.

காதும் உதவும். சோலினாய்டு ஒருமுறை மட்டும் ‘டக்’கென்றால் சுருள் வேலை செய்கிறது, உள்ளே தகடு கருகியிருக்கலாம். ‘கடகட’வென்று விடாமல் அடித்தால் வேறு கதை. தகடு சேர்ந்ததும் வோல்ட் சரிகிறது. சுருளுக்குப் பிடித்துவைக்கும் பலம் போய்த் தகடு விலகுகிறது. சுமை நீங்கியதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது. இதற்குக் காரணம் பலமிழந்த பேட்டரி அல்லது கெட்ட இணைப்பு, சோலினாய்டு அல்ல. மோட்டார் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், ஒயரிங்கை விட்டுவிடலாம்: மோட்டார் தண்டின் பென்டிக்ஸ் பல்சக்கரம் அழுக்கில் ஒட்டி, ஃப்ளைவீலின் ரிங் கியர் வரை நகரவில்லை. அதைக் கழுவிக் காயவிட வேண்டும்; எண்ணெய் போட்டால் தூசியை இழுத்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை இன்னும் துல்லியமாகும். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, முதலில் சார்ஜ் செய்ய வேண்டும். பழைய டைனமோ 20 ஆம்பியர் அளவே தரும், ஐடிலில் அதுவும் தராது. எப்போதாவது வெளியே எடுக்கும் காரில் பேட்டரி நிறைவதே இல்லை. செல்ஃப் சுழலும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலும் மறுமுனையை மோட்டாரின் போல்ட்டிலும் வைத்துச் சுழற்றினால், வழியில் தொலைந்த வோல்ட் நேரடியாகத் தெரியும். அரை வோல்ட் வரை பொறுக்கலாம். எர்த் பக்கம் பேட்டரியின் எர்த் முனைக்கும் மோட்டாரின் கூட்டுக்கும் இடையே 0.3-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் மீட்டரை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்த, குற்றவாளி அகப்படும். மீட்டர் முனையைக் கேபிளின் லக்கில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் கட்டையிலேயே வைப்பது முக்கியம். இல்லையேல் அந்த இணைப்பின் கோளாறு கணக்கில் வராது.

எர்த் பக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் மறக்கப்படுவது அதுதான். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்ட்ராப் அறுந்தால் அவ்வளவு மின்னோட்டமும் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடாகிப் புகைந்தால் உடனே நிறுத்திவிட்டு ஸ்ட்ராப்பைப் பார்க்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த கார்களில் இந்தக் கோளாறு வருவது இயல்பு, ஸ்ட்ராப்பின் கீழும் பெயின்ட் படிந்திருக்கும். அந்த இடத்தைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, முறுக்கிய பின் மேலே கிரீஸ் தடவலாம்.

இன்னொரு கவனம்: 1960-களின் நடுப்பகுதி வரையிலான பிரிட்டிஷ் வடிவக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். மாற்றி இணைத்தாலும் செல்ஃப் மோட்டார் அதே திசையில்தான் சுற்றும், ஏனெனில் அதன் புலச்சுருளும் ஆர்மேச்சரும் தொடராக இருப்பதால் இரண்டின் காந்தத் திசையும் ஒருசேரத் திரும்பிவிடும். ஆகவே செல்ஃப் எடுப்பதை வைத்து முனை சரியென்று முடிவுகட்டக் கூடாது. டைனமோவும் அம்மீட்டரும் பாதிக்கப்படும்.

ஒயர் மாற்றும்போது லூகாஸ் நிறமுறையைக் காப்பாற்றுவது அடுத்து அந்தக் காரைத் திறப்பவருக்குச் செய்யும் பேருதவி. பழுப்பு எப்போதும் உயிருள்ள ஒயர்; வெள்ளை சாவி போட்டபின் மட்டும் உயிர்பெறுவது; சிவப்புக் கோடிட்ட வெள்ளை சோலினாய்டுக்கு; கறுப்பு எர்த். பருத்தி நூல் சுற்றிய ரப்பர் ஒயர் வளைத்தால் உதிரும் நிலைக்கு வந்திருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் மாற்றிவிட வேண்டும். பேட்டரி கேபிளுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பாவது தேவை. அதில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 150 ஆம்பியரில் பத்தில் ஒரு வோல்ட்தான் இறங்கும். கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் தொட வேண்டும். எல்லாம் முறுக்கிய பின் அதே வோல்ட் இறக்கச் சோதனையை ஒருமுறை ஓட்டி, கிடைத்த அளவுகளைக் காரின் பதிவேட்டில் குறித்துவைத்தால், அடுத்த முறை எந்த இணைப்பு கெடத் தொடங்கியிருக்கிறது என்பது ஒப்பிட்டதும் தெரிந்துவிடும்.