உங்களுக்குத் தெரியுமா? பனிமேல் ஏறும் பிக்கப்

ஐஸ்லாந்தின் பனிமுகடுகளைக் கடப்பதற்கென்று மாற்றியமைக்கப்படும் டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளில், எஞ்சினின் திறனைவிட டயரிலுள்ள காற்றழுத்தமே பயணத்தைத் தீர்மானிக்கிறது. சாலையில் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் இருக்கும் அழுத்தத்தை இறுகாத பனியில் 3 பவுண்டு அளவுக்கு இறக்கிவிடும்போது, டயரின் பக்கச்சுவர் பிதுங்கித் தரையைத் தொடும் பரப்பு நீண்டு, வண்டியின் எடை பரவலாக இறங்குவதால், சக்கரம் பனிக்குள் புதையாமல் அதன்மேல் ஊர்ந்து செல்கிறது. அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் டயர் கழன்றுவிடாதிருக்க, அதன் விளிம்பை ரிம்மோடு இறுகப் பிடிக்கும் 'பீட்லாக்' என்னும் வளையம் பொருத்தப்படுவதுண்டு. மீண்டும் காற்றடைக்கும் கம்ப்ரசரும் வண்டியிலேயே இருக்கும்.

பெரிய டயரை மாட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. 30 அங்குல டயர் இருந்த இடத்தில் 38 அங்குல டயர் வந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கால் பங்குக்கு மேல் கூடுதலாக நகர்வதால், திருத்தப்படாத வேகமானி 80 கிலோமீட்டர் என்று காட்டும்போது உண்மை வேகம் 100-ஐத் தாண்டியிருக்கும். அதே காரணத்தால் இழுவையும் குறைவதால், எஞ்சின் விசையை இருபக்கச் சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலின் பற்சக்கர விகிதத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மட்கார்டுகளை வெட்டி அகலப்படுத்துவது, கண்ணுக்குத் தெரியும் மாற்றம் மட்டுமே.

இத்தனை வல்லமை இருந்தும், வெறும் நிலத்தில் பாதையை விட்டு இறங்கி ஓட்டுவதை ஐஸ்லாந்துச் சட்டம் தடைசெய்கிறது. அங்குள்ள பாசிப்படுகையில் பதியும் சக்கரத் தடம் ஆற ஆண்டுகள் பல ஆகும் என்பதால், பனியாறுகளிலும் உறைந்து பனிமூடிய நிலத்திலும் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு.