21 நாளாகியும் குஞ்சு பொரிக்கலையா? தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனிங்க!

பொரிக்காத முட்டையை 23-ம் நாளில் உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அலகு, நகம் எல்லாம் முழுசாக வளர்ந்த குஞ்சு உள்ளேயே இறந்து கிடக்கும். கூமுட்டை என்றால்கூட மனசு ஆறிவிடும். இதைப் பார்த்தால் ஆறாது.

வீட்டில் இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் வெப்பநிலையை எப்படியும் கவனித்துவிடுகிறார்கள். ஃபேன் உள்ள பெட்டி என்றால் 37.5 டிகிரி செல்சியஸ். தெர்மகோல் பெட்டியில் பல்பு மட்டும் என்றால் சூடு மேலே தேங்கும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் 38 முதல் 38.5 வரை இருக்கலாம். சிறிது நேரம் சூடு குறைந்தால் கரு தாங்கும். 40-ஐத் தாண்டி நின்றால் தாங்காது. கரன்ட் போனால் பெட்டியைத் திறக்காமல், காற்றுத் துளையை விட்டுவிட்டுப் போர்வை போர்த்துங்கள்.

கோட்டை விடுவது ஈரப்பதத்தில்தான். முதல் 18 நாள்கள் சுமார் 50 சதவிகிதம், கடைசி 3 நாள்கள் 65 முதல் 70 வரை என்பது பொதுக் கணக்கு. அதற்காக எல்லா ஊரிலும் கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சென்னை போன்ற கடலோர ஊரில், 30 டிகிரியில் 80 சதவிகித ஈரத்துடன் இருக்கும் காற்று, பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடானதுமே 50-ஐ ஒட்டி வந்துவிடும். அங்கே தண்ணீரே தேவைப்படாது. வேலூர் கோடை மதியத்தில் கிண்ணம் கட்டாயம். ஆழமான கிண்ணம் வேண்டாம், அகலமானது வேண்டும். ஈரத்தைக் கூட்டுவது தண்ணீரின் பரப்புதான்.

ஏன் இவ்வளவு கணக்கு? முட்டைக்குள் இருக்கும் நீர் ஓடு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டும். அந்த இடத்தில்தான், அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. ஈரம் அதிகமானால் காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுமுட்டிப் போகும். குறைந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

விலை குறைந்த ஈரப்பத மீட்டரை நான் முழுசாக நம்பமாட்டேன். சமையலறைத் தராசு போதும். அடை வைக்கும்போதே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எடையை எழுதுங்கள். 18-ம் நாளில் சுமார் 12 சதவிகிதம் குறைந்திருக்க வேண்டும். 45 கிராம் முட்டை 40 கிராம் அளவுக்கு வந்திருக்கும். அவ்வளவு குறையவில்லையா? தண்ணீரைக் குறையுங்கள். இதை 7, 14-ம் நாள்களிலேயே எடை போட்டும், இருட்டறையில் மொபைல் டார்ச் அடித்துக் காற்றறையைப் பார்த்தும் கண்டுபிடித்துவிடலாம்.

18-ம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு ஈரத்தைக் கூட்டுங்கள். அப்புறம் மூடியைத் தொடவே தொடாதீர்கள். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். பாவம் என்று திறந்து ஓட்டைப் பிய்த்துவிட்டால், பக்கத்து முட்டைகளின் சவ்வும் காய்ந்துவிடும். முதலில் வந்த குஞ்சுக்குப் பசிக்குமே என்ற கவலை வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்கு ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதும். இறகு காய்ந்து பொசுபொசுவென்று ஆன பிறகு வெளியே எடுக்கலாம்.