ஈயம், எழுத்து, தோட்டா: ஒரு கலவை பற்றிச் சில குறிப்புகள்

'எழுத்து ஓர் ஆயுதம்' என்ற வாசகத்தை நம் கூட்டங்களில் கேட்காத ஆளில்லை. உருவகமாகச் சொல்கிறோம், உருவகமாகவே கைதட்டுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை இதற்கு உருவகம் தேவைப்படவில்லை. தமிழ் அச்செழுத்தும் துப்பாக்கித் தோட்டாவும் காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி என்கிற அதே மூன்றைக் கூட்டிக் குறைத்து வார்த்தவை. 'பிரதியின் பருண்மை' குறித்துப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், அந்தப் பருண்மையை நாள் முழுக்க விரலால் பொறுக்கியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்போமா? அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு சின்ன ட்ரெடில் அச்சகத்தில் ஒன்பது வருஷம் கம்போஸிங் செய்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். வேறு தகுதி கிடையாது.

முதலில் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் காரீயமும் ஈயம், வெள்ளீயமும் ஈயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுறதேய்' என்று தெருவில் கூவிப் பூசியதும் வெள்ளீயம். அது உடம்புக்குப் பெரிய கெடுதல் செய்யாது. காரீயம் நஞ்சு. விலை மலிவு என்பதால் சொம்பில் அதைக் கலக்கிற வியாபாரமும் உண்டு. ஆளை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. காரீயத்தை வெள்ளைத்தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழும், கையில் தூக்கினால் கனக்கும் (அதே அளவு தண்ணீரைப்போலப் பதினொரு மடங்கு எடை, வெள்ளீயம் ஏழு மடங்கு சொச்சம்). வெள்ளீயப் பட்டையை வளைத்தால் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்த சமூகத்தில் யார் எதைத் தின்றார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

கலவைக்கு வருவோம். காரீயம் 327 பாகை செல்சியஸில் உருகும், விறகடுப்பே போதும். ஆனால் தனிக் காரீயத்தில் எழுத்து வார்த்தால் நகத்தால் கீறலாம். அச்சுக் கட்டையில் நாலு தடவை அழுத்தினாலே முகம் மழுங்கிவிடும். ஆறும்போது சுருங்கிப் போவதால் அச்சுக்குழியின் கூர்மையும் வராது. ஆன்டிமனி இந்த இரண்டையும் சரிசெய்கிறது. உலோகம் கடினமாகிறது, சுருக்கம் குறைகிறது. தனி ஆன்டிமனி 630 பாகைக்கு மேல்தான் உருகும் என்றாலும் உருகிய ஈயத்தில் அது கரைந்துபோகும். கூடிப்போனால் எழுத்து நொறுங்கும். வெள்ளீயம் கலவையை இளக்கி, குழியின் மூலை முடுக்கெல்லாம் ஓடவைக்கும், நொறுங்கும் குணத்தையும் தணிக்கும். அதுதான் விலை கூடிய சரக்கு, ஆகவே முதலாளி கைவைப்பதும் அதில்தான்.

விகிதம் வேலைக்கு வேலை மாறும். வரி வரியாக வார்த்து அன்றே உருக்கிவிடுகிற லைனோவுக்கு நூற்றுக்கு 84 காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். இது 240 பாகை சுமாரிலேயே ஒரே மூச்சில் உருகி ஒரே மூச்சில் உறையும், இயந்திரத்துக்கு அதுதான் வேணும். கையால் கோக்கிற எழுத்து வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியது. அதில் ஆன்டிமனி இருபதுக்கு மேலேயே போகும், வெள்ளீயமும் பத்தைத் தாண்டும். தேய்ந்த எழுத்தைத் திரும்ப உருக்கும்போதெல்லாம் மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டும். கசடு என்று வழித்து எறிகிறவன் வெள்ளீயத்தை எறிகிறான். கொஞ்சம் குங்கிலியமோ மெழுகோ போட்டுக் கிளறினால் பாதி திரும்ப உள்ளே போய்விடும். இது தெரியாத அச்சகங்களில் புள்ளியும் கொம்பும் வருஷா வருஷம் உடைந்துகொண்டே இருந்தன. ஒரு சிறுபத்திரிகையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி காணாமல் போனதைக் கவிஞரின் 'மொழிச் சோதனை' என்று ஒருவர் விமர்சனம் எழுதினார். காரணம் வெள்ளீயப் பற்றாக்குறை.

இப்போது தோட்டா. தனிக் காரீயத் தோட்டா வேகமாகப் போனால் குழலின் உள்ளே ஈயத்தை அப்பிவிடும், ஆகவே கடினமாக்க வேண்டும். கடினமாக்குவது மறுபடி ஆன்டிமனி. அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா வார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் மூடிய அச்சகங்களின் லைனோ ஈயத்தைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். பிரினெல் அளவில் தனிக் காரீயத்தின் கடினம் 5, லைனோவினுடையது 22. அந்த நாட்டில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரியும் உண்டு. 1776 ஜூலையில் நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் ஈயச் சிலையைக் கவிழ்த்து, கனெக்டிகட்டுக்குக் கொண்டுபோய் 42,088 தோட்டாக்களாக வார்த்தார்கள். இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். ஆவடியில் 1961-லிருந்து கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது, அங்கே செய்வது டாங்கி.

அதிகாரம் இந்த இரண்டு ஈயத்தையும் சேர்த்தே பார்த்தது என்பதற்கு ஒரே ஒரு வருஷத்தைச் சொன்னால் போதும்: 1878. வைஸ்ராய் லிட்டன் அந்த வருஷம் இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டத்தையும் ஆயுதச் சட்டத்தையும் கொண்டுவந்தார். ஆங்கிலப் பத்திரிகைக்கு முதலாவது பொருந்தாது, ஐரோப்பியருக்கு இரண்டாவது பொருந்தாது. பத்திரிகைச் சட்டம் சில வருஷங்களில் ரத்தானது, ஆயுதச் சட்டம் நின்றது. பிறகு 1910 பத்திரிகைச் சட்டம் அச்சகக்காரனிடம் ஜாமீன் தொகை கேட்டது, மீறினால் அச்சகமே பறிமுதல். கட்டுரையைத் தடை செய்வதோடு விடாமல் எழுத்துக் கேஸையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவது என்றால் அடுத்த கட்டுரைக்கான ஈயத்தையும் எடுத்துக்கொண்டு போவது. யாழ்ப்பாணத்தில் 1981-ல் நூலகத்தோடு 'ஈழநாடு' அலுவலகமும் கொளுத்தப்பட்டதை இந்தக் கோணத்திலிருந்தும் யோசிக்கலாம்.

ஈயம் கிடைப்பது எப்போதுமே ஒரு பிரச்சினைதான். தரங்கம்பாடிக்கு 1713-ல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தைத் தின்றன. பொறையாறில் சின்ன எழுத்து வார்த்தபோது, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள். 1715-ல் முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சீஸ் மூடி. பெரியார் 1935-ல் 'குடி அரசு' இதழில் ணா, றா, னா, லை போன்றவற்றின் பழைய வடிவங்களைக் கைவிட்டதையும் வெறும் மொழிச் சீர்திருத்தமாகப் படிப்பது பாதிப் படிப்பு. ஒவ்வொரு கூட்டு வடிவத்துக்கும் கேஸில் ஒரு தனி அறை, ஒரு தனி வார்ப்பு, கிலோக்கணக்கில் ஈயம். காசில்லாத பத்திரிகை நடத்துகிறவனுக்குத்தான் இது உறைக்கும். அரசாணை வர 1978 ஆயிற்று.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எழுத்து உருக்குகிற சூட்டில் ஆவி அதிகம் கிளம்பாது. ஆபத்து தூசியில் இருக்கிறது, கசடில் இருக்கிறது, கழுவாத கையில் இருக்கிறது. நாங்கள் அந்தக் கையோடுதான் பஜ்ஜி தின்றோம். 'ஈயத்துக்குப் பால் குடிச்சா சரியாப் போயிடும்' என்று தினம் ஒரு டம்ளர் தருகிற வழக்கம் எங்கள் அச்சகத்திலும் இருந்தது, ஓவர்டைமுக்குப் பதிலாக. பால் ஈயத்தைக் கழுவாது. ரத்தத்தில் மாதக்கணக்கில் குறைகிற ஈயம் எலும்பில் பத்து இருபது வருஷம் உட்கார்ந்திருக்கும். கம்போஸிட்டர்களுக்கு அடிக்கடி வந்த வயிற்று வலி, மலச்சிக்கல், கை தளர்ச்சி எல்லாமே இந்த நஞ்சின் பாடப்புத்தக அறிகுறிகள். அதைக் குடியின் கணக்கில் எழுதுவதே வசதியாக இருந்தது.

ஆஃப்செட்டும் டிடிபியும் வந்தபிறகு எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். அந்த ஈயம் மீன்வலைக் குண்டாகவும் பாட்டரித் தகடாகவும் மாறிப் போயிற்று. இன்று ஈயம் என்றால் பெருமளவு பாட்டரிதான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எடைக்கு வாங்குகிற பழைய பாட்டரி எல்லாம் ஒழுங்கான ஆலைக்குப் போவதாக யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். 2001-ல் ஒரு விதி, 2022-ல் அதற்குப் பதில் இன்னொரு விதி. கொல்லைப்புற உலைக்கு விதி தெரியாது. அங்கே எழுத்து உருக்கிய சூடு போதாது, ஆயிரம் பாகை வரை போகிறது, புகையே ஈயம். சென்னையில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளைச் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் இன்று 3.5-க்கே எச்சரிக்கிறார்கள்.

எங்கள் அச்சகம் இருந்த கட்டடத்தின் மாடியில் இப்போது ஒரு டியூஷன் சென்டர். கேஸ் அடுக்கியிருந்த இடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். உரிமையாளரிடம் போய்ச் சொன்னேன்: துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள், பலகை இடுக்கில் இருப்பதை வழித்து எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசுங்கள், சாப்பிடும் முன் பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். 'இருபது வருஷமாச்சே சார், இன்னுமா இருக்கும்?' என்றார். பலகை இடுக்கில் குண்டூசியை விட்டுக் கிளறி, எட்டுப் பாயிண்ட் 'ழ' ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன்.