டால்பின் கற்றுக்கொடுத்த தொழில்

அமெரிக்காவில் முடி வெட்ட உரிமம் வேண்டும். நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட ஒன்றும் வேண்டாம். காலையில் அலுவலகத்தில் ராஜினாமா கடிதம் கொடுத்தவர் மாலையில் விசிட்டிங் கார்டு அச்சடித்துக்கொள்ளலாம், சட்டம் குறுக்கே வராது. அதனால்தானோ என்னவோ, பாதி வாழ்க்கையில் வேலையை விட்டுவிட்டு இதற்கு வருகிறவர்கள் அங்கே நிறைய.

வந்தவர்களை இளக்காரமாகப் பார்க்கவும் முடியாது. இந்தத் தொழிலைப் புரட்டிப்போட்டவர்களே வெளியிலிருந்து வந்தவர்கள்தான். கேரன் பிரையர் ஹவாயில் பிள்ளைகளையும் மட்டக்குதிரைகளையும் வளர்த்துக்கொண்டிருந்தவர். கணவர் அங்கே ஸீ லைஃப் பார்க் என்ற கடல் காட்சியகத்தைத் தொடங்க, 1963இல் டால்பின்களைப் பழக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. டால்பினுக்குக் கழுத்துச் சங்கிலி மாட்ட முடியாது. அதட்டினால் தொட்டியின் மறுகோடிக்குப் போய்விடும். சரியாகச் செய்த நொடியில் ஒரு விசில், பின்னாலேயே ஒரு மீன். வேறு வழியில்லை.

இது அவருடைய கண்டுபிடிப்பல்ல. உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுக்கூடத்து அறிவு. அவரிடம் பயின்ற கெல்லர், மரியன் பிரேலண்ட் தம்பதி 1940களிலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, விலங்குகளைப் பழக்குவதையே வியாபாரமாக நடத்தினார்கள். பிரையர் செய்தது, அதைச் சாதாரண வாசகருக்குப் புரியும்படி எழுதியது. 1984இல் வந்த ‘டோன்ட் ஷூட் த டாக்’ நூலின் தலைப்பில்தான் நாய். உள்ளே கணவன், பிள்ளை, அறைத்தோழன் எல்லோருமே வருகிறார்கள். விசிலின் இடத்தில் ‘கிளிக்கர்’ என்ற சின்னப் பெட்டி வந்து, 1990களில் அந்த முறை நாய் வளர்ப்பவர்களிடையே பரவியது.

அப்படி வெளியிலிருந்து வந்த இன்னொருவர் ஐயன் டன்பர், பிரிட்டனில் படித்த கால்நடை மருத்துவர். சங்கிலியைச் சுண்டி இழுத்துப் பழக்கிய காலத்தில், ஆறு மாதமாவது ஆகாத குட்டியைப் பயிற்சிக்குச் சேர்க்க மாட்டார்கள். ஆட்களோடும் மற்ற நாய்களோடும் பழக ஏற்ற பருவமோ முதல் மூன்று மாதம். 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் கயிறில்லாமல் குட்டிகளுக்கு வகுப்பு நடத்தினார் டன்பர். 1993இல் பயிற்சியாளர்களுக்கென்று ஒரு சங்கத்தையும் நிறுவினார்.

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். ‘மனிதர்களோடு மல்லுக்கட்டியது போதும், இனி நாய்களோடு நிம்மதியாக இருக்கலாம்’ என்று வருகிறார்கள். பயிற்சியாளர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நாயோடு இருப்பார். மீதி 167 மணி நேரமும் அது வீட்டுக்காரர்களோடு. வாசலில் ஆள் மீது தாவக் கூடாது என்று அம்மா பழக்குவார். அப்பா வேலையிலிருந்து வந்ததும் தாவவிட்டுக் கொஞ்சுவார். அந்த அப்பாவின் மனம் நோகாமல் அவரை வழிக்குக் கொண்டுவருவதுதான் உண்மையான வேலை. பள்ளி ஆசிரியர்களும் நர்ஸ்களும் இதில் சோபிப்பதில் வியப்பில்லை. வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும் நேரம்தான் வேலை நேரம் என்பதால் மாலைகளும் வார இறுதிகளும் போய்விடும். மாதச் சம்பளம் என்பது மறந்துவிட வேண்டிய சொல்.

சான்றிதழ் கட்டாயமில்லை, ஆனால் உண்டு. 2001இல் தொடங்கிய ஒரு சான்றளிப்புக் குழு, கடந்த மூன்றாண்டுகளில் குறைந்தது 300 மணி நேரம் பயிற்சி அளித்த அனுபவத்தைக் கேட்கிறது; பிறகுதான் தேர்வு. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். என்னைக் கேட்டால், ராஜினாமா கடிதத்துக்கு முன் அந்த 300 மணி நேரத்தில் பாதியையாவது ஒரு நல்ல பயிற்சியாளரிடம் உதவியாளராக வார இறுதிகளில் கழித்துவிடுவது நல்லது.

நாயைப் பழக்க ஆள் தேடுகிறவர்களுக்கு ஜீன் டொனால்ட்சன் என்ற பயிற்சியாளர் நிறுவிய பயிற்சிப் பள்ளி மூன்று கேள்விகளைச் சொல்லித்தருகிறது. சரியாகச் செய்தால் என் நாய்க்கு என்ன நடக்கும்? தவறாகச் செய்தால் என்ன நடக்கும்? இதைவிடக் கடுமை குறைந்த வழி உண்டா? மழுப்புகிறவர் கையில் கயிற்றைக் கொடுக்காதீர்கள்.