பாட்டிக்கு ஐந்து கமிட்டி

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சத்தம் வரக் கூடாது. தில்லியில் நாடாளுமன்ற அனெக்ஸ் கட்டடத்துக்குள் இருக்கிறோம். கதவுக்கு அந்தப் பக்கம் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார நிலைக்குழு கூடியிருக்கிறது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 எம்.பி.க்கள். எதிர் வரிசையில் துறைச் செயலாளரும் அவருடைய பரிவாரமும். அமைச்சர் இந்தப் பக்கமே வரமாட்டார். நிலைக்குழுக்கள் அவரைச் சாட்சியாகக் கூப்பிடுவதில்லை, அவர் உறுப்பினராகவும் முடியாது. அதனால் மாட்டிக்கொள்பவர் எப்போதும் ஐ.ஏ.எஸ். அதிகாரிதான். ஆகா, இதை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

நாம் கொடுத்துவைக்கவில்லை. கூட்டம் ரகசியம். லண்டனில் இதே வேலையைச் செய்யும் குழுக்களின் விசாரணையை வீட்டில் காலை நீட்டிக்கொண்டு நேரலையில் பார்க்கலாம். இங்கே கேமராவும் கிடையாது, நிருபரும் கிடையாது.

ஆனால் ஒரு சாவித்துவாரம் உண்டு. அறிக்கை அவையில் வைக்கப்பட்டதும் அதன் வால்பகுதியில் கூட்டத்தின் மினிட்ஸும் அச்சாகி வந்துவிடும். அதில்தான் எத்தனை அடக்கம்! அதிகாரிகளைத் தலைவர் வரவேற்றார், சபாநாயகரின் 55(1) ஆம் நெறிமுறையை, அதாவது இங்கே பேசுவது வெளியே போகக் கூடாது என்பதை, நினைவூட்டினார், உறுப்பினர்கள் விளக்கம் கேட்டார்கள், அதிகாரிகள் பதில் சொன்னார்கள், சொல்ல முடியாமல் போனதை எழுத்தில் தரும்படி தலைவர் கேட்டுக்கொண்டார், சாட்சிகள் வெளியேறினார்கள். அவ்வளவுதான். ‘எழுத்தில் தரும்படி’ என்ற இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு தாங்காது. அங்கே யாரோ ஒருவர் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பைப் புரட்டியிருக்கிறார். டீ, பிஸ்கட் விவரம் மட்டும் மினிட்ஸில் ஏறுவதில்லை. என் ஒரே வருத்தம் அது.

இன்னும் சுவாரசியம் பிறகுதான். கமிட்டியால் யாருக்கும் உத்தரவு போட முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். ஆனால் மூன்று மாதத்துக்குள் அரசு ஒவ்வொரு பரிந்துரைக்கும் என்ன செய்தோம் என்று எழுதித் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் கமிட்டி மறுபடி ஓர் அறிக்கை போடும். அரசு ஏற்றுக்கொண்டவை ஓர் அத்தியாயம். விளக்கத்தைக் கேட்டு ‘சரி, விடுங்கள்’ என்று கமிட்டி விட்டவை அடுத்தது. பதில் செல்லாது என்று முறைத்தவை அதற்கடுத்தது. இறுதிப் பதில் இன்னும் வந்து சேராதவை கடைசி. நான் எப்போதும் முறைத்த அத்தியாயத்தைத்தான் முதலில் திறப்பேன்.

சரி, இந்தக் கமிட்டிகள் ஒரு வீட்டை எப்படிப் பார்க்கின்றன என்று அறிய மும்பையின் குடிசைப் பகுதியான தாராவிக்கு வருவோம். ஒரு கற்பனைப் பாட்டியைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2004இல் வந்து 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், கீழ்த்தளத்தில், மகனோடு குடியிருக்கிறார். வயது எழுபது. மகன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். இந்த ஒரு குடும்பத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் விசாரிக்க எத்தனை கமிட்டி தேவை, சொல்லுங்கள் பார்ப்போம்?

முதல் கதவு, முதியோர் பென்ஷன். மும்பையின் நட்டநடுவில் இருக்கும் பாட்டிக்கு மத்திய அரசு தரும் பங்கை எந்த அமைச்சகம் கவனிக்கிறது தெரியுமா? ஊரக வளர்ச்சி! தேசிய சமூக உதவித் திட்டம் நகரம், கிராமம் இரண்டுக்கும் பொதுவானது, ஆனால் அதன் வீடு அந்த அமைச்சகம். ஆகவே பாட்டி ஊரக வளர்ச்சி நிலைக்குழுவின் பொறுப்பு. 2022 முதல் 2024 வரை அதன் தலைவர் தூத்துக்குடி எம்.பி. கனிமொழி. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 60 முதல் 79 வயதுக்காரர்களுக்கு மத்தியப் பங்கு மாதம் 200 ரூபாய், 80 ஆனால் 500. அந்த 200 ஏறக்குறைய இருபது வருடமாக அசையவில்லை. உயர்த்துங்கள் என்று இந்தக் கமிட்டி எழுதிக்கொண்டே இருக்கிறது. தலைவர்கள் மாறினார்கள், பல்லவி மாறவில்லை. மகாராஷ்டிர அரசு தன் பங்கைச் சேர்த்து மொத்தம் 1,500 ஆக்கித் தருவதால்தான் பாட்டியின் மருந்துச் செலவு ஓடுகிறது.

இரண்டாவது கதவு, நாம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த வீட்டுவசதிக் கமிட்டி. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, அங்கே 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். பாட்டி நான்கு வருடம் பிந்திவிட்டார். 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குப் பிரதமர் ஆவாஸ் யோஜனாவில் 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு, தாராவிக்கு வெளியே. அந்த யோஜனாவின் விதிப்படி இந்தியாவில் எந்த மூலையிலும் பக்கா வீடு இருக்கக் கூடாது. போச்சு! தாராவித் தமிழர்களில் ஊரில் ஒரு வீடு இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்பது என் எண்ணம். மழைக்கு ஒழுகும், பூட்டிக் கிடக்கும் நாங்குநேரி ஓட்டு வீடு பக்காவா, கச்சாவா? இந்தக் கேள்வியை அந்த 31 பேரில் யாராவது கேட்டு, செயலாளர் ‘எழுத்தில் தருகிறோம்’ என்று சொல்வதைக் கேட்க நான் என்ன விலையும் கொடுப்பேன்.

2023 மார்ச்சில் இதே கமிட்டி யோஜனாவின் நகர்ப்புறப் பிரிவைப் பிரித்து மேய்ந்தது. மலையோ மாநகரமோ, எல்லா இடத்துக்கும் ஒரே தொகை என்பது சரிப்படாது என்று எழுதியது. குடிசைப் பகுதியை இருக்கும் இடத்திலேயே மாற்றிக் கட்டும் பிரிவுக்கு வீட்டுக்கு ஒரு லட்சம்தான் மத்திய உதவி. மும்பையில் ஒரு லட்சத்துக்குப் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டலாம், அவ்வளவுதான். 2024இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தப் பிரிவையே காணோம்.

தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களின் கணக்கும் இதே கதவுக்குள்தான். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் ஓர் இரவுக் காப்பகம் என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு. 2011 கணக்கெடுப்பில் மும்பையின் மக்கள்தொகை 1.24 கோடி, நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கதவு ரயில்வே. எதற்கு என்கிறீர்களா? தாராவித் திட்டத்தில் மாட்டுங்கா, மாஹிம் பக்கத்து ரயில்வே நிலம் சுமார் 45 ஏக்கர் சேர்ந்திருக்கிறது. லேசான நிலமில்லை இது. 2018 டெண்டரில் செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி தருவதாகச் சொல்லி முதலில் நின்றது. ரயில்வே நிலம் சேர்ந்ததால் நிபந்தனையே மாறிவிட்டது என்று சொல்லி மாநில அரசு 2020இல் டெண்டரை ரத்து செய்தது. 2022 நவம்பரில் புது டெண்டரில் 5,069 கோடிக்கு அதானி குழுமம் வென்றது. வழக்கு நீதிமன்றம் ஏறிய கதை தனி.

நான்காவது கதவைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்: வணிகக் கமிட்டி! தாராவிக்கு வெளியே அனுப்பப்படுகிறவர்களுக்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பளங்களில் சுமார் 256 ஏக்கர் கேட்கப்பட்டிருக்கிறது. அந்த உப்பளங்கள் மத்திய அரசின் சொத்து; உப்பு ஆணையர் இருப்பது வணிக அமைச்சகத்தின் கீழ். பாட்டியின் புது வீட்டு முகவரிக்கு உப்பு அதிகாரி கையெழுத்து.

ஐந்தாவது, மகனுக்காகத் தொழிலாளர் கமிட்டி. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை பர்த்ருஹரி மஹதாப் தலைமையில் அலசி, கொரோனாவின் நடுவே 2020 ஜூலையில் அறிக்கை தந்தது. செப்டம்பரில் சட்டம் நிறைவேறியது. டெலிவரி செய்கிறவனையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சட்டம். அவனை வைத்துச் சம்பாதிக்கும் கம்பெனி வருடாந்திர விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் அவன் நலனுக்குக் கட்ட வேண்டும். அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21. ஐந்து வருடம்!

ஒரே கோலி, ஐந்து கதவு. ஒவ்வொரு அறையிலும் அந்தந்த அமைச்சகத்தின் அதிகாரி மட்டும் உட்கார்ந்திருப்பார். ‘அது எங்கள் துறை இல்லை’ என்று அவர் சொன்னால் அது பொய்யும் இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஐவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பாட்டியின் பைலை நடுவில் போட வேண்டாமா?

இந்தத் துறைவாரிக் கமிட்டி முறை முழுதாக வந்ததே 1993இல். அதற்கு முன் இதே மும்பையின் செம்பூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? அங்கிருந்த ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியை அணுசக்தி மையத்துக்காகக் காலி செய்யச் சொன்னபோது, கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் தில்லி வரை போய் இந்திரா காந்தியையே சந்தித்தார். அள்ளப்படாத குப்பையைப் பிள்ளைகள் கையில் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்து மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்த மனிதர் அவர். எந்தக் கமிட்டியும் போட முடியாத குறுக்குக் கேள்வி அது! 1976 மே மாதம், நெருக்கடி நிலையில், காலனி இடிக்கப்பட்டது. ஜனங்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள்.

போகிற போக்கில் ஒரு துப்பு. மக்களவையில் மனுக்கள் குழு என்று 15 பேர் கொண்ட ஒன்று இருக்கிறது. மனு யாரும் கொடுக்கலாம். தமிழிலேயே எழுதலாம், இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் கையெழுத்தும் இணைத்தால் போதும். எம்.பி. மூலமாகக் கொடுக்க நினைத்தால், தாராவி, செம்பூர் இரண்டுக்கும், மாட்டுங்கா பக்கத்துக்கும் ஒரே மக்களவைத் தொகுதி, தென் மத்திய மும்பை, இப்போதைய எம்.பி. அனில் தேசாய். மனுவின் முடிவில் என்ன வேண்டும் என்று ஒரு ‘பிரார்த்தனை’ கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. மாட்டுங்கா மாமிகளிடம் கேட்டால் பத்து எழுதித் தருவார்கள். மாநில சட்டமன்றத்தில் பேச வேண்டிய விஷயம் என்றால் தள்ளிவிடுவார்கள். ஆகவே குடிசை என்று ஆரம்பிக்காதீர்கள். ரயில்வே நிலம் என்று ஆரம்பியுங்கள்.