பாலில் மின்சாரம் பார்த்தால் மடிநோய் தெரியும்



மீன்சுருட்டி சுற்றுவட்டாரத்தில் நம்மில் பலர் குழுக்கடன் வாங்கி கறவை மாடு வளர்க்கிறோம். மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தால் நமக்கே தெரிந்துவிடும். வெளியே தெரியாத மடிநோயும் உண்டு. அதுதான் மோசம். பால் வெள்ளையாகவே இருக்கும், மாடும் நல்லாத்தான் தீவனம் தின்னும். கறவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தவணை கட்டும் நாளில்தான் நமக்கு உறைக்கும்.

இந்த நோயை மின்சாரம் காட்டிக்கொடுக்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும் அல்லவா? மாட்டின் ரத்தத்தில் உப்பு அதிகம், பாலில் குறைவு. ஒரு லிட்டர் பால் ஊறுவதற்கு 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓடுகிறது. அப்படியும் அந்த உப்பு பாலில் இறங்காமல் மடியின் உள்சவ்வு வேலி மாதிரி தடுக்கிறது. கிருமி புகுந்தால் வேலி பழுதாகி, ரத்த உப்பு பாலில் கசியும். அப்போது பாலில் மின்சாரம் கூடுதலாகப் பாயும்.

இதை அளக்க கையடக்கக் கருவி இருக்கிறது. சின்ன பேட்டரியில் ஓடும். மாட்டுக்கு ஷாக் அடிக்குமோன்னு பயம் வேண்டாம், கறந்த பாலில்தான் அளப்பார்கள். நல்ல பாலில் 4 முதல் 5.5 வரை காட்டும். 6-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். பாலின் சூடு, கறவைக் காலம் இவற்றாலும் எண் மாறும். அதனால் நாலு காம்புப் பாலையும் தனித்தனியாக அளந்து, எது மட்டும் ஏறி நிற்கிறதுன்னு பாருங்கள். ஆளுக்கொன்று வாங்குவதைவிட குழுவுக்குப் பொதுவாக ஒன்று போதும் என்பது நம் கருத்து.

கருவி இல்லாதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் துணி சோப்புத்தூள் கரைத்து, அதில் கொஞ்சம் எடுத்து அதே அளவு பாலோடு கலக்கிப் பாருங்கள். கொழகொழவென்று ஆனால் நோய் இருக்கிறது. அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள்.

கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். 1962-க்கு போன் செய்தும் கேட்கலாம். ஊசி போட்டால், அவர் சொல்லும் நாள் வரை பாலை சொசைட்டியில் ஊற்றக் கூடாது. தஞ்சாவூர் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரவலாக்கிய மூலிகை முறையும் உண்டு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, கழுவிய மடி முழுவதும் ஒரு நாளைக்குப் பல தடவை பூச வேண்டும்.

நோய் உள்ள காம்பைக் கடைசியில் கறந்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறந்ததும் கொஞ்சம் தீவனம் போட்டு அரை மணி நேரம் மாட்டைப் படுக்கவிடாதீர்கள். காம்புத் துளை மூட அவ்வளவு நேரம் ஆகும்.