மைக்கா ஓரத்தில் பிசிறு, கருகலா? பிட்டின் நுனியில் இருக்கும் பேரிங்கைப் பாருங்கள்!

மகளுக்கு நானே ஒரு படிப்பு மேஜை செய்துகொடுக்கலாம் என்று போன கோடை விடுமுறையில் இறங்கினேன். ப்ளைவுட்டை அறுத்து, பக்கவாட்டில் வெள்ளை மைக்கா ஒட்டி, மேலேயும் ஒரு ஷீட் ஒட்டியாகிவிட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மைக்காவை ட்ரிம்மர் மெஷினால் சீவிவிட்டால் வேலை முடிந்தது.

இரண்டு அடிகூடப் போகவில்லை, கருகல் வாடை. மெஷினை நிறுத்திப் பார்த்தால், பக்கவாட்டு மைக்கா முழுக்கப் பழுப்புக் கோடு! மைக்காவின் கனமே 1 மி.மீ.தான். தேய்த்துச் சரிசெய்யவும் வழியில்லை.

பக்கத்துத் தெரு தச்சர் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் மேஜையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிட்டை வாங்கி, நுனியில் இருந்த பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தார். அசையவே இல்லை. பசை ஏறி இறுகிப்போயிருந்தது. அன்று அவரிடம் கற்றதும், பிறகு நானே செய்து தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

மைக்கா என்று ஏன் பெயர்?

1912-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓ'கானர் என்ற இருவர், மின் சாதனங்களில் பயன்பட்ட மைக்கா என்ற கனிமத்துக்குப் பதிலாக ஒரு லேமினேட்டை உருவாக்கினார்கள். 'மைக்காவுக்குப் பதில்' என்ற பொருளில்தான் ஃபார்மிகா என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்த லேமினேட் சமையலறைக்கும் மேஜைக்கும் வந்தது. கனிமமே இல்லாத ஷீட்டை நாம் இன்றும் மைக்கா என்றுதான் கடையில் கேட்கிறோம்.

பிட் எப்படி வேலை செய்கிறது?

ஃப்ளஷ் ட்ரிம் பிட்டில் வெட்டும் பல்லும் பேரிங்கும் ஒரே விட்டத்தில் இருக்கும். பேரிங் பலகையின் ஓரத்தில் உருண்டுகொண்டே போக, வெளியே நீட்டியிருப்பதைப் பல் சீவிவிடும். அதாவது, பேரிங் எதன்மேல் உருள்கிறதோ, பிட் அதை அப்படியே காப்பியடிக்கும். ஓரத்தில் ஒரு பசைத் துளி காய்ந்திருந்தால், அந்த மேடும் மைக்காவில் பதியும். பள்ளம் இருந்தால் பள்ளம் பதியும். எனவே, மெஷினை ஓட்டுவதற்கு முன்பு ஓரத்தைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை.

வாங்கும்போது கவனியுங்கள்

* ஷேங்க் அளவு: மெஷினுக்குள் போகும் தண்டுதான் ஷேங்க். சிறிய ட்ரிம்மர்களில் 6 மி.மீ. அல்லது கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. இருக்கும். பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் மாற்றிப் போடக் கூடாது. நிமிடத்துக்கு சுமார் 30,000 முறை சுற்றும் மெஷினில் பிட் நழுவினால் ஆபத்து.

* பேரிங் இருக்கும் இடம்: மைக்கா சீவ, நுனியில் பேரிங் உள்ள பிட் போதும். டெம்ப்ளேட்டைப் பலகைக்கு மேலே ஒட்டி, அதே வடிவத்தில் வெட்ட வேண்டுமென்றால், ஷேங்க் பக்கம் பேரிங் உள்ள பிட் வாங்குங்கள்.

* பல்: மைக்காவின் பசை அடுக்குகள் சாதாரண எஃகின் கூர்மையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கார்பைடு பல் உள்ளதே நல்லது. வீட்டு வேலைக்கு நேரான இரண்டு பல் போதும். சுருள் பல் பிட்டுகள் மிருதுவாக வெட்டும், ஆனால் விலை அதிகம்.

* சாணை பிடித்த பிட்: சாணை பிடிக்கும்போது பல்லின் விட்டம் குறையும், பேரிங் அப்படியே இருக்கும். விளைவு, மைக்கா ஓரத்தில் மெல்லிய விளிம்பு மிஞ்சும். புது பிட்டிலும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, பல்லும் பேரிங்கும் ஒரே மட்டமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது...

பிட்டை மாற்றும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஷேங்கை முழுவதும் உள்ளே தள்ளி, 2 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள்.

மைக்காவை 3, 4 மி.மீ. மட்டும் நீட்டி ஒட்டுங்கள். டெம்ப்ளேட் வைத்து மரப்பலகை வெட்டுவதாக இருந்தால், முதலில் ஜிக்சாவால் அறுத்து, 2 மி.மீ. வரை மட்டும் பிட்டுக்கு விடுங்கள். நிறைய விட்டால் பிட் திணறும், மரம் பிய்யும்.

பலகை உங்கள் முன்னால் இருக்கும்போது, உங்கள் பக்கத்து ஓரத்தில் மெஷினை இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். எதிர்த்திசையில் போனால் பிட் மரத்தில் ஏறி ஓடி, மெஷின் கையைவிட்டுத் துள்ளும். பலகையின் உட்புற ஓட்டைகளில் மட்டும் திசை மாறும், கடிகார முள் சுற்றும் பக்கம் போக வேண்டும்.

ஏற்கெனவே ஒட்டிய மைக்காமேல் பேரிங் உருள வேண்டியிருந்தால், அந்த இடத்தில் வாசலின் லேசாகத் தடவுங்கள். கோடு விழாது. ஒரே இடத்தில் நிற்காமல் சீராக நகருங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். தொளதொள சட்டைக் கை வேண்டாம்.

வேலை முடிந்ததும்...

பிட்டில் ஒட்டிய பசையைத் துடைத்து எடுங்கள். ஆனால், பேரிங்கோடு தின்னரில் ஊறப்போடாதீர்கள். உள்ளே உள்ள கிரீஸ் கரைந்து, பேரிங் அதற்குப் பிறகு இறுகிவிடும். சின்ன திருகைக் கழற்றி பேரிங்கைத் தனியே எடுத்துவிட்டுச் சுத்தம் செய்யலாம். கெட்டுப்போனால் பேரிங்கை மட்டும் மாற்றலாம், பிட்டையே தூக்கிப்போட வேண்டாம்.

சமையலறை அலமாரியில் இந்தச் சின்ன விஷயம் இன்னும் முக்கியம். ஓரத்தில் பிசிறு விட்டு மைக்கா லேசாகத் தூக்கினால், அந்த வழியே தண்ணீர் இறங்கி பலகை ஊதிவிடும். அடுத்த முறை வீட்டில் தச்சு வேலை நடக்கும்போது, விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். விரல் தட்டாமல் போனால் வேலை சரி.

மகள் மேஜையில், பழுப்புக் கோடு விழுந்த பக்கவாட்டு மைக்காவைப் பிரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். இந்த முறை மெஷினை ஆன் செய்வதற்கு முன் பேரிங்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். சத்தமில்லாமல் சுழன்றது. மகள் தினமும் கையை ஊன்றிப் படிப்பது அந்த ஓரத்தில்தான்!